கீரிப்பாறை, இரண்டு அறை, வெந்நீர் உண்டு

எல்லாரும் சாவியைப் பூந்தொட்டிக்கடியில் தேடுகிறார்கள்.
அது என் இடுப்பில் இருக்கிறது.
செக்போஸ்ட் வளைவில் வண்டி உறுமினால்
சாயாவுக்கு வெள்ளம் வைத்துவிட்டுப்
படியேறி வருவேன்.

கூடத்துச் சுவரில் இரண்டு நீளக் கட்டைகள்.
மஞ்சள் நிறம், நுனி வளைந்தவை,
ஒன்றில் ஆழமாய் ஒரு கீறல்.
ஆஸ்திரியாவில் யாரோ விட்டுப்போனதை
வின்ஸ்லின் லீவில் வரும்போது சுமந்து வந்தார்.
திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில்
'இது எந்தினா?' என்று கேட்டானாம் ஒருவன்.
'சறுக்குறதுக்கு.'
'எவிடே?'
அதற்குப் பதில் இல்லாமல்
டாக்சியில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு
வீடு வந்து சேர்ந்தவை.

அங்கே அவருக்கு ஒரு நாளைக்குப் பதினாலு அறை.
ஈர பூட்ஸோடு வருகிறவர்கள், உருகும் பனி,
நனைந்த கம்பளம்.
அந்தச் சம்பளத்தில் எழுந்தது இந்த வீடு.
வீடியோவில்தான் எனக்குச் சொல்லித்தந்தார்:
விரிப்பின் மூலையை முதலில் தூக்கு,
மெத்தைமேல் போடு, தொங்குவதை உள்ளே செருகு,
இப்போது இறக்கு. கண்டியா, கடிதக்கவர் மாதிரி.
என் கை பழகிவிட்டது.
கட்டிலின் அந்தப் பக்கம் பிடிக்க ஆள் இருந்தால்
பாதி நேரத்தில் முடியும்.

டிசம்பர் பிறந்தால் அங்கே சீசன்.
டிசம்பர் பிறந்தால் இங்கேயும்.
மே மாதம் பதினெட்டு நாள் வருவார்,
வேர்த்துக்கொண்டே.

வருகிறவர்கள் குளிர் காணவில்லை என்பார்கள்.
காளிகேசத்தில் குளித்துவிட்டு
உதடு நீலமாய்த் திரும்பி
ரெண்டாவது கம்பளி கேட்பார்கள்.
சென்னைப் பையன் ஒருவன், ஏழு வயசிருக்கும்,
கட்டைகளையே பார்த்திருந்தான்.
'ஐஸ் எப்ப விழும்?'
'இலைதான் விழும் மக்ளே.'
போனில் டவர் இல்லை. அழுதுவிடுவான் போலிருந்தது.
தை மாதம். ரப்பர் மரமெல்லாம் உதிர்த்து நின்றது,
சரிவு முழுக்க முழங்கால்வரை சருகு.
ஒரு கமுகம்பாளையைக் கொண்டுவந்து
'ஏறி இரு' என்றேன்.
முதல் தடவை நான் இழுத்தேன்.
பிறகு அவனே போனான், அவன் அப்பா போனார்,
கேன்வாஸ் ஷூவோடு அவன் அம்மா போய்
ஒட்டுப்பால் சிரட்டை ஒன்றைத் தட்டிவிட்டு
மன்னிப்புக் கேட்டாள் மரத்திடம்.
எங்கெங்கோ சருகு ஒட்டிய அந்த மூவரையும்
கட்டைகளுக்குக் கீழே நிற்கவைத்துப் படமெடுத்தேன்.

போன சனிக்கிழமை யாரும் வரவில்லை.
மதுரையில் அவர்களுக்கு ஒரு சாவு.
நான் விரித்து முடித்திருந்தேன்,
துண்டை அன்னம்போல மடித்து
கழுத்து நிற்காமல் ரெண்டு தடவை மடித்து.
மழை பிடித்துக்கொண்டது. கீழ்வீட்டுக்கு இறங்கவில்லை.

கதவைத் தாழிட்டேன்.
மட்டிப்பழம் ரெண்டு, மிச்சரித்த பன், அதுதான் சாப்பாடு.
அன்னத்தைப் பிரித்துத் தலை துவட்டினேன்.
யாரோ போல என் வீட்டில் படுத்தேன்.
ராத்திரி ஒரு தரம் விழித்தபோது
கூரைக்கு மேலே மழை, கட்டைகள் மங்கலாய்,
எழுந்து அந்தக் கீறலில் விரலை ஓட்டிப் பார்த்தேன்.
விழுந்தது யாரோ. அடி பட்டதோ என்னவோ.

காலையில் வருகைப் பதிவேட்டில் எழுதினேன்:
வெந்நீர் வர நாலு நிமிஷம் ஆகிறது.
ஜன்னல் கொக்கி ஒன்று ஆடுகிறது.
கம்பளி கொள்ளாம்.
தலையணை ரெண்டு வைத்திருக்கிறீர்கள்.
நட்சத்திரம் நாலு.
– சுபலீலா, கீழ்வீடு.

படமெடுத்து அனுப்பினேன்.
பத்து மணிக்கு, அவர் ஷிப்டு தொடங்கும்முன்,
பதில் வந்தது:
தங்கியதற்கு நன்றி.
அஞ்சாவது நட்சத்திரம் எதில் போச்சு?

விரிப்பை உருவித் துவைத்துக்
கொடியில் போட்டேன், ரப்பர் ஷீட்டுக்குப் பக்கத்தில்.
ரெண்டும் சொட்டிக்கொண்டிருந்தன.
கொக்கிக்கு ஆணி வாங்கணும்.
மத்தியானம் நாகர்கோவிலிலிருந்து ஆறு பேர்.